குச்சவெளிப் பக்கம் மாதர் சங்கத்துக்குச் சிறு மானியம்: கருவாட்டுத் திட்டத்தை எப்படி எழுதுவது, எங்கே குடுப்பது?

கேள்வி: நெத்தலி

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கிற ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காகக் கேட்கிறன். பதிவு இருக்கு, யாப்பு இருக்கு, வங்கிக் கணக்கு இருக்கு. அங்கத்தவர் 36 பேர். கருவாடு போடுறதுதான் தொழில். இப்ப மணலில சாக்கு விரிச்சுத்தான் காயப் போடுறம். மண் ஒட்டுது, இலையான் மொய்க்குது, ஒரு மழை விழுந்தால் அண்டைக்குப் போட்டது முழுக்கப் பழுது. நிலத்தை விட்டு உயர்த்தின தட்டிகளும், பொதி செய்ய ஒரு சின்ன அறையும், லேபல் அடிச்ச பைகளும் வேணும். மொத்தம் ஏறக்குறைய 20 இலட்சம் வரும் எண்டு கணக்கு.

கேள்விகள் நாலு. இந்த அளவுக் காசுக்கு யாரிட்டப் போறது? சங்கம் நேரடியாக விண்ணப்பிக்கலாமா, இல்லாட்டி ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கீழ போகவேணுமா? ரெண்டு தரம் குடுத்த விண்ணப்பம் “நிலைபேறு தெளிவில்லை” எண்டு ஒரு வரியோட திரும்பி வந்தது, அதுக்கு என்ன அர்த்தம்? “சமூகப் பங்களிப்பு” எண்ட இடத்தில போடச் சங்கத்திட்டக் காசு இல்லை, என்ன செய்யலாம்?

பதில் 1: உவர்மலை

தங்கச்சி, யார் காசு தருவினம் எண்டதைப் பிறகு பார்ப்பம். முதல்ல காலண்டரை எடுத்து வையுங்கோ. உங்கட கரையில வாடைக் காத்து நவம்பரில் பிடிச்சால் தை வரைக்கும் வெயிலும் இல்லை, கடலும் கொந்தளிப்பு. வைகாசியில் இருந்து புரட்டாதி வரைதான் மீனும் மலிவு, வெயிலும் உறைப்பு. மேற்குக் கரையில இருந்து வந்து வாடி (கரையில தற்காலிகக் குடில்) அடிச்சுத் தொழில் செய்யிற ஆக்களும் அந்த மாதங்களிலதான் நிப்பினம். ஆகவே தட்டிகள் சித்திரை முடியமுன் எழும்பியிருக்க வேணும். வேலை மாசியிலயும் பங்குனியிலயும் நடக்க வேணும். அப்பிடியெண்டால் உடன்படிக்கை தையில் கையெழுத்தாக வேணும், விண்ணப்பம் அதுக்கு ஆறு மாதத்துக்கு முன்னமே போயிருக்க வேணும். நல்ல திட்டங்கள் கனக்க விழுகிறது இந்த இடத்திலதான். காசு ஐப்பசியில் வந்து சேரும், மேசன் வேலை மழையில் நிக்கும், இறுதி அறிக்கைத் திகதி வந்து கழுத்தில ஏறும்.

இதை வைச்சு நிதி தாற இடங்களைப் பாருங்கோ. கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியத்துக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். செலவெல்லாம் பெப்ரவரிக் கடைசிக்குள் முடிஞ்சிருக்க வேணும். தெரிவு முடிஞ்சு காசு கைக்கு வர ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். மிஞ்சுற ஆறு மாதத்தில் பாதி எங்களுக்கு மாரி. அதில கட்டட வேலையை வைக்கக் கூடாது. பயிற்சி, பொதி, சந்தை, சட்ட ஆலோசனை மாதிரி கூரைக்குக் கீழ நடக்கிற வேலைக்குத்தான் அது பொருந்தும். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் நிதியாண்டில் ஓடுது. எங்கட கரைக்கு அந்தக் கணக்கு நல்லாப் பொருந்தும்.

ஜப்பானின் அடிமட்ட மானியம் வேற வகை. நீண்ட காலமாக வழமையான உச்சவரம்பு ஒரு கோடி யெனாக இருந்தது. கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் குடுப்பினம். சம்பளம், உப்பு, பை மாதிரித் தீர்ந்துபோற சாமானுக்குக் குடுக்க மாட்டினம். 20 இலட்சத்துக்கு அந்தளவு கடதாசி வேலை செய்யிறது வீண். பக்கத்து நாலு சங்கம் சேர்ந்து குளிர் அறை, பொதியிடும் நிலையம் எண்டு கேட்கும்போது அங்க போங்கோ.

ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கிற உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியம் சமூக அமைப்புகளுக்கு நேரடியாகவே குடுக்கிற ஒண்டு. நீண்ட காலமாக அதின்ர வரம்பு ஒரு திட்டத்துக்கு 50,000 டொலராக இருந்தது. ஆனால் உயிர்ப் பல்வகைமை, காலநிலை, நிலம், நீர், இரசாயனம் எண்ட தலைப்புகளுக்குள் வரவேணும். வெறும் கருவாட்டுத் தட்டி அதுக்குள் வராது. விறகுப் புகைக்குப் பதில் சூரிய உலர்த்தி, மீன் கழிவைப் பசளையாக்குறது, கண்டல் (உவர்நீரில வளருற கரையோர மரம்) நடுறது எண்டு உண்மையிலேயே செய்யிற எண்ணம் இருந்தால் எழுதுங்கோ. விண்ணப்பத்துக்காகக் கண்டலை ஒட்டவைச்சால் களம் பார்க்க வாற ஆள் முதல் கேள்வியிலேயே கண்டுபிடிச்சுப் போடுவார்.

நேரடியாகவோ ஊடாகவோ எண்ட கேள்விக்கு வாறன். உங்கட பதிவு கிராம அபிவிருத்தித் திணைக்களத்துப் பதிவு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவு வேற. வெளிநாட்டு நிதி தாற சில இடங்கள் ரெண்டாவதைத்தான் கேட்கும். அது இல்லாட்டிப் பதிவுள்ள மாவட்ட நிறுவனம் ஒண்டோட சேரலாம், பிழையில்லை. ஆனால் கையெழுத்து வைக்கமுன் மூண்டு விசயத்தை எழுத்தில வாங்குங்கோ: உபகரணம் திட்ட முடிவில் யாருக்குச் சொந்தம், நிர்வாகச் செலவு எத்தனை வீதம், மூலப் பற்றுச்சீட்டு யாரிட்ட இருக்கும். முதலாவதை எழுதாமல் விட்டால் தட்டி உங்கட கரையில நிக்கும், பொருட்பதிவேட்டில் மற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

பதில் 2: கணக்கேடு

“நிலைபேறு தெளிவில்லை” எண்டு எழுதுறவர் கேட்கிறது ஒண்டே ஒண்டு: மூன்றாம் வருசம் கிழிஞ்ச வலைக்கு யார் காசு குடுப்பினம்? “அங்கத்தவர்கள் தொடர்ந்து பராமரிப்பார்கள்” என்ற வசனம் அதுக்குப் பதில் இல்லை. எண்ணில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நாளுக்கு 200 கிலோ பச்சை மீன் எடுத்தால் ஏறக்குறைய 60 கிலோ கருவாடு வரும். மாதம் 20 நாள், பருவம் 5 மாதம் என்றால் 6,000 கிலோ. கிலோவுக்கு 10 ரூபா சங்கத்தின் பராமரிப்பு நிதிக்குக் கழித்தால் பருவத்துக்கு 60,000 ரூபா. அந்தக் காசு எந்தக் கணக்கில் போகும், யார் இருவர் கையெழுத்தில் வெளியே வரும், எதற்கு மட்டும் செலவழிக்கலாம் என்று பொதுக்கூட்டத் தீர்மானம் எடுத்து, இலக்கமும் திகதியும் போட்டு இணையுங்கள். வலை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து 10 ரூபா போதாது என்றால் 15 ஆக்குங்கள். கணக்குப் போட்ட சங்கம் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

பங்களிப்புக்குக் காசுதான் வேண்டும் என்றில்லை. உழைப்பும் இடமும் பொருளும் பங்களிப்புத்தான். 36 பேர் நாலு நாள் சிரமதானம் செய்தால் 144 ஆள்நாள். அதை உங்கள் ஊரில் கூலிக்குப் போகும் நாட்கூலியால் பெருக்குங்கள். கூடப் போட்டால் முழுப் பாதீட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் வரவுத்தாள் வேண்டும்: பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து. பிறகு ஒரே நாளில் உட்கார்ந்து ஒரே பேனையால் நிரப்பிய வரவுத்தாளைக் கணக்காய்வாளர் தூக்கிப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். இன்னொன்று: தட்டி கட்டியதற்குக் கூலி கொடுத்து, அதே நாளை அதே ஆளுக்குச் சிரமதானத்திலும் எழுதுவது. இது பெரும்பாலும் தெரியாமல் நடக்கிற பிழை, ஆனால் காசைத் திருப்பிக் கட்டச் சொல்லும் பிழை.

கூறுவிலை (கடைகள் எழுத்தில் தரும் விலை) மூன்று எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுக்கும்போது நடக்கிறதைச் சொல்கிறேன். பெரும்பாலான கடைகள் 14 நாள், 30 நாள்தான் விலையைப் பிடித்து வைத்திருக்கும். நிதி வர ஆறு மாதம். அதனால் விண்ணப்பத்துக்கு ஒரு தடவையும், வாங்கும்போது மறுபடியும் எடுக்க வேண்டும். பெறுமதி சேர் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று தாளிலேயே எழுதி வாங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். அதை மறந்தால் பாதீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத் துண்டு விழும். மூன்று கடையிடமும் ஒரே அளவு, ஒரே தரம் எழுதிய ஒரே பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் 25 மில்லிமீற்றர் குழாய்க்கும் மற்றவர் 32க்கும் விலை போட்டால் அது ஒப்பீடு ஆகாது.

வெளிநாட்டு நாணயத்தில் உடன்படிக்கை எழுதுவதானால் நாணய மாற்றுக்கு ஒரு வாசகம் போட்டுக் கேளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360க்குக் கிட்ட ஏறியது. அப்போது ரூபாவில் எழுதிய பாதீடுகளுக்கு இரும்பும் சீமெந்தும் எட்டாமல் போனது. எந்தப் பொருளை எத்தனையால் குறைப்போம் என்ற வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், நிதி கொடுப்பவரிடம் ஒரு கடிதத்தோடு திருத்தம் எடுக்கலாம்.

வங்கிக் கணக்கு: திட்டத்துக்குத் தனிக் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து. திட்டம் நடக்கும் வருடத்துக்குள் உங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டம் வருகிறதா என்று இப்போதே பாருங்கள். நிர்வாகம் மாறினால் கூட்டறிக்கை, புதிய கையொப்பப் படிவம், பதிவு அதிகாரியின் உறுதிப்படுத்தல் எல்லாம் போய்ச் சேரும்வரை காசோலை பாஸ் ஆகாது. இரண்டாம் தவணைக் காசு கணக்கில் கிடக்க, சாமான்காரர் வாசலில் நிற்பார்.

மீன் விற்கும் சம்மாட்டியிடம் (வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளியிடம்) பில் புத்தகம் இருக்காது. அதற்குச் சங்கமே கொள்வனவுச் சிட்டை அச்சடிக்கலாம்: தொடர் இலக்கம், திகதி, மீன் இனம், கிலோ, விலை, விற்றவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, சங்கத்தில் இருவர் சாட்சி. காசேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். மாத முடிவில் வங்கிக் கூற்றோடு இணக்கிப் பாருங்கள். கணக்காய்வுக் கட்டணம், வங்கிக் கட்டணம், போக்குவரத்து, பெயர்ப் பலகை இந்த நாலையும் பாதீட்டில் வைக்க மறக்கிற சங்கங்கள்தான் அதிகம். கடைசியில் அது பொருளாளரின் கைக்காசில் விழுகிறது. கடைசித் தவணை 10 அல்லது 20 வீதம் இறுதி அறிக்கைக்குப் பிறகுதான் வரும். அந்த அளவைச் சாமான்காரருக்கும் அப்படியே பிந்திக் கொடுப்பதாக ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 3: கரைவலைப்பாடு

மேல சொன்னதெல்லாம் சரி. தட்டிக் கணக்கில ஒரு பெரிய பிழை விடாமல் இருக்க இதைப் பாருங்கோ.

பிளந்து உப்புப் போட்ட மீனைச் சதுர மீற்றருக்கு 5 கிலோ எண்டு பரப்புறது பாதுகாப்பான அளவு. 200 கிலோவுக்கு 40 சதுர மீற்றர். எழுதுற ஆக்கள் அதோட நிப்பாட்டிப் போடுவினம். ஆனால் மீன் ஒரு நாளில காயாது. நல்ல வெயிலுக்கே ரெண்டு மூண்டு நாள். நேற்றைய மீன் தட்டியில கிடக்க இண்டைய மீன் வரும். அதால மூண்டு நாளைக்கு இடம் வேணும்: 120 சதுர மீற்றர். 10 அடிக்கு 4 அடித் தட்டி ஒண்டு 3.7 சதுர மீற்றர் வரும், ஆக 33 தட்டி. 11 தட்டிக்குக் காசு கேட்டு வாங்கிப் போட்டு, மிச்ச மீனை மறுபடி மணலில போடுறது நடக்கிற கதை.

உயரம் ஒரு மீற்றர். அதுக்குக் குறைஞ்சால் கச்சான் காத்து அடிக்கிற நாளில மணல் ஏறும், நாயும் எட்டும். கூடினால் பெண்கள் நடு மீனைப் புரட்ட எட்டாது. அகலத்தை 4 அடிக்கு மேல விடாமல் இருக்கிறதும் அதுக்குத்தான், ரெண்டு பக்கத்தாலயும் கை போகவேணும். கால்களுக்கு கல்வனைஸ் குழாய் எண்டு எல்லாரும் எழுதுவினம். கடற்காத்தில அது முதல்ல ஒட்டின இடத்திலதான் கறள் பிடிக்கும், ஏனெண்டால் ஒட்டுற சூட்டில நாகப் பூச்சு எரிஞ்சு போயிடும். ஒட்டாமல் போல்ட் போட்டுப் பூட்டுங்கோ, இல்லாட்டிப் பனஞ்சிலாகை போடுங்கோ. பனை தறிக்க அனுமதி வேணும், ஆனபடியால் மரக்காலையில் பில்லோட வாங்கினதா இருக்கட்டும். மேல விரிக்கிறது நைலோன் வலை. கம்பி வலை உப்புப் பட்டுக் கறளாகிக் கருவாட்டில செம்மஞ்சள் கோடு விழுத்தும், அதை ஒருத்தரும் வாங்க மாட்டினம்.

உப்பு, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ. 200 கிலோவுக்கு 50 கிலோ, மாதத்துக்கு ஒரு தொன். இது தீர்ந்து போற சாமான், மானியத்தில வைக்காமல், வித்த காசைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுக்கிற சுழல்நிதியில வையுங்கோ. உப்பைக் குறைச்சால்தான் இலையான் முட்டை வைக்கும், பேந்து பூச்சி மருந்து அடிக்கச் சொல்லி யாராவது வருவினம். அது உணவு, அதில மருந்து படவே கூடாது. கழுவின மீன், சரியான உப்பு, மேல நுளம்பு வலை, இந்த மூண்டும் இருந்தால் மருந்துக்கு வேலையில்லை.

கழுவுற தண்ணி எங்க போகும் எண்டு விண்ணப்பத்தில எழுதுங்கோ. குச்சவெளி, நிலாவெளிப் பக்கம் மணலுக்குக் கீழ நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேல மெல்லிய படையாத்தான் நிக்குது. உப்புத் தண்ணியை ஊறல் குழியில விட்டால் அழுக்கை மண் வடிக்கும், உப்பை வடிக்காது, அது நேர கிணத்துக்குப் போகும். குழி கிணறுகளுக்குக் கடல் பக்கமா, குறைஞ்சது 50 அடி தள்ளி. இதை நீங்களாகவே எழுதினால், பார்க்க வாற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிறகு கேட்க ஒண்டும் இருக்காது. லேபலுக்கும் அவரையே முதல்ல கேளுங்கோ, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழதான் அது வருது.

மறுகேள்வி: நெத்தலி

நன்றி அண்ணைமார். 33 தட்டிக் கணக்குப் பார்த்த பிறகு எங்கட பாதீட்டையே திருப்பி எழுத வேணும் போல இருக்கு. ஒரு விசயம் விடுபட்டுப் போச்சு. இடம் ஒரு அங்கத்தவரின் தகப்பன்ர பெயரில இருக்கு. கடலில இருந்து ஒரு நூறு மீற்றர் வரும். அவர் “பாவியுங்கோ” எண்டு வாயால சொல்லிட்டார். அது காணுமா?

பதில்: உவர்மலை

காணாது. அவர் மனசு நல்லது எண்டாலும், அவருக்குப் பிறகு உரிமை பிள்ளைகளுக்குப் போகும். சங்கத்தின் பெயருக்குக் குறைஞ்சது ஐந்து வருசக் குத்தகை, நொத்தாரிசு முன்னால. குத்தகைக் காசு வருசம் ஒரு சிறு தொகை எண்டு இருந்தாலும் பரவாயில்லை. முதல்ல அவர் கையில உறுதி இருக்கா, அனுமதிப்பத்திரம் இருக்கா எண்டு பாருங்கோ. அரச காணி அனுமதிப்பத்திரமெண்டால் பிரதேச செயலகத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேற ஆளுக்குக் குடுக்க ஏலாது.

நூறு மீற்றர் எண்டது இன்னொரு கதவையும் திறக்குது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதுக்குள்ள பொதியிடும் அறை கட்ட, பிரதேச சபையின் கட்டட அனுமதியோட கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேணும். ரெண்டுக்கும் மாதக் கணக்கு. என்ர கருத்து, அறையையும் தட்டியையும் பிரியுங்கோ. தட்டியைக் கழட்டி எடுக்கக் கூடியதாகக் கரைக்குக் கிட்ட வையுங்கோ. அறையை 300 மீற்றருக்கு வெளியில, சங்கக் கட்டடத்தோட ஒட்டிப் போடுங்கோ. தட்டிக்கும் அனுமதி வேணுமா எண்டு திணைக்களத்திட்ட எழுத்தில கேட்டு, வந்த பதிலை விண்ணப்பத்தோட வையுங்கோ.

பதில்: கரைவலைப்பாடு

இன்னும் ஒண்டு. அந்த இடத்துக்கு முன்னால கரைவலைப் பாடு (கரையில நிண்டு வலை இழுக்க ஒதுக்கின இடம்) ஏதும் இருக்கா எண்டு கடற்றொழில் பரிசோதகரிட்டக் கேளுங்கோ. வலை இழுக்கிற ஆக்கள் ஏறி நடக்கிற நிலத்தில தட்டி நிண்டால் முதல் பருவத்திலேயே சண்டை. பாடுகாரரிட்டயும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திட்டயும் ஆட்சேபனை இல்லை எண்டு ஒரு கடிதம் எடுங்கோ. பக்கத்தில விடுதி இருந்தால் அவையோடயும் இப்பவே கதையுங்கோ, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, மணம் எங்க போகும் எண்டு பார்த்து.

பதில்: கணக்கேடு

குத்தகைப் பத்திரத்தில் சங்கத்தின் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். வங்கிக் கணக்கில் “மாதர் சங்கம்”, பதிவில் “மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்” என்று இருந்தால் நிதி வருகிற அன்று வங்கி அதை ஏற்காது. நாளைக்கே பாஸ்புத்தகத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதல் வேலை அதைத் திருத்துவதுதான்.